ஜாவாவில் குவெரி முடிவிலிருந்து நெடுவரிசைப் பெயரையும் ஏலியாஸையும் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு பள்ளி நிர்வாக மென்பொருளுக்கு ரிப்போர்ட் பகுதி எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த குவெரியைக் கொடுத்தாலும் தலைப்புகளோடு சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும். இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லை. ஒருநாள், ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல் டிரைவரை 5.0-இலிருந்து 5.1-க்கு மாற்றினோம். மறுநாள் காலையிலேயே போன் வந்தது: “சார், ரிப்போர்ட்ல பசங்க பேரே காணோம், வாத்தியார் பேர் மட்டும்தான் வருது.”

குவெரி இதுதான். டேபிள் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்.

செலக்ட் ம.பெயர் ஆஸ் மாணவர், ஆ.பெயர் ஆஸ் ஆசிரியர்
ஃப்ரம் மாணவர்கள் ம ஜாயின் ஆசிரியர்கள் ஆ
ஆன் ம.ஆசிரியர்_எண் = ஆ.எண்

குவெரி சரி, டேட்டாவும் சரி. தப்பு என் ஜாவா கோடில் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. கெட்காலம்லேபிள் என்று கேட்க வேண்டிய இடத்தில் கெட்காலம்நேம் என்று கேட்டிருந்தேன். பழைய டிரைவர் அதற்கும் ஏலியாஸையே (குவெரியில் ஆஸ் போட்டு நாம் வைக்கும் மாற்றுப் பெயரையே) தந்துகொண்டிருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. புது டிரைவரோ டேபிளில் உள்ள உண்மையான பெயரைத் தந்தது. இரண்டு நெடுவரிசைக்கும் அது “பெயர்”தான். சாவி–மதிப்பு ஜோடிகளை வைக்கும் மேப்பில் அதைச் சாவியாகப் போட்டதும் இரண்டாவது வந்து முதலாவதின் மேல் உட்கார்ந்துவிட்டது. பசங்க பேர் போயே போச்சு.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயம். மெத்தட் பெயர்களையும் கட்டளைகளையும் நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதல் சில எழுத்தைத் தட்டினாலே மீதியை அதுவே நிரப்பித் தரும். ஆபீஸில் எல்லோரும் “காலம்” என்றுதான் சொல்கிறோம்; ஆனால் எழுத்தில் அது நேரத்தோடு குழம்பும் என்பதால் நெடுவரிசை என்றே எழுதுகிறேன்.

முதல் படி: ரிசல்ட்செட்டிடம் மெட்டாடேட்டாவைக் கேளுங்கள்

எக்ஸிக்யூட்குவெரி ஓடி முடிந்ததும் கையில் வருவது ரிசல்ட்செட். மதிப்புகள் அதில் இருக்கின்றன. எத்தனை நெடுவரிசை, அவற்றின் பெயர் என்ன, வகை என்ன என்பதெல்லாம் ரிசல்ட்செட்மெட்டாடேட்டா என்ற இன்டர்ஃபேஸில் இருக்கின்றன. ஜாவா.எஸ்க்யூஎல் பேக்கேஜில் ஜேடிகே 1.1 காலத்திலிருந்தே இது உண்டு. தனியாக எந்த லைப்ரரியும் வேண்டாம்.

ரிசல்ட்செட்மெட்டாடேட்டா மெட்டா = ரிசல்ட்.கெட்மெட்டாடேட்டா();
இன்ட் எண்ணிக்கை = மெட்டா.கெட்காலம்கவுன்ட்();
ஃபார் (இன்ட் ஐ = 1; ஐ <= எண்ணிக்கை; ஐ++) {
    பெயர்கள்.ஆட்(மெட்டா.கெட்காலம்லேபிள்(ஐ));
}

எண் 1-இல் தொடங்குகிறது, 0-இல் அல்ல. ஜாவாவில் பெரும்பாலும் எல்லாம் 0-இல் தொடங்குவதால், பழக்கதோஷத்தில் 0 என்று போட்டு எஸ்க்யூஎல்எக்ஸெப்ஷன் வாங்காதவர் இல்லை. முடிவிலும் “<=” இருக்கிறதா என்று பாருங்கள். அதை “<” என்று போட்டால் எக்ஸெப்ஷன் எதுவும் வராது, கடைசி நெடுவரிசை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இன்னொன்று: இதற்கு நெக்ஸ்ட் மெத்தடை அழைக்க வேண்டியதில்லை. ஒரு வரிசைகூட கிடைக்காத குவெரியிலும் மெட்டாடேட்டா முழுதாக இருக்கும். “டேட்டா இல்லை, ஆனால் தலைப்போடு காலிக் கோப்பு வேண்டும்” என்று ஆடிட்டர் கேட்டால் கொடுக்க முடிவது இதனால்தான்.

குவெரியை ஓட்டாமலே பெயர்கள் வேண்டுமென்றால், பிரிப்பேர்ட்ஸ்டேட்மென்டிலும் கெட்மெட்டாடேட்டா உண்டு. ஆனால் அது நல்-ஐ (மதிப்பே இல்லை என்பதை) திருப்பித் தரவும் ஸ்பெக், அதாவது ஜாவா டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி விதிமுறை, இடம் கொடுக்கிறது. சில டிரைவர்களில் அதற்காகவே சர்வருக்கு ஒருமுறை கூடுதலாகப் போய் வர வேண்டியிருக்கும். நல் சோதனை போடாமல் அதைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: நேம் வேறு, லேபிள் வேறு

கெட்காலம்நேம் என்பது டேபிளில் அந்த நெடுவரிசைக்கு உள்ள பெயர். கெட்காலம்லேபிள் என்பது, ஜாவா ஆவணத்தின்படி, அச்சிலும் திரையிலும் காட்டப் பரிந்துரைக்கப்படும் தலைப்பு. வழக்கமாக ஆஸ் போட்டு நாம் கொடுக்கும் ஏலியாஸ். ஆஸ் இல்லாவிட்டால் லேபிளும் நேமும் ஒன்றாகவே இருக்கும். அப்படியானால் லேபிளைக் கேட்டால் எப்போதும் நஷ்டமில்லை. ஏலியாஸ் இருந்தால் அது வரும், இல்லாவிட்டால் பெயர் வரும்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறோம்? டிரைவர்கள் எல்லாம் ஒரே மாதிரி நடப்பதில்லை. மேலே உள்ள குவெரியின் முதல் நெடுவரிசையையே எடுத்துக்கொள்வோம்.

மைஎஸ்க்யூஎல் டிரைவரில் (5.1-இலிருந்து) நேம் “பெயர்”, லேபிள் “மாணவர்”. டெஸ்டுக்கு நாம் வைத்துக்கொள்ளும் எச்2 என்ற சின்ன டேட்டாபேஸிலும் அப்படியே. போஸ்ட்கிரெஸ் டிரைவரில் இரண்டுமே “மாணவர்”; அதன் கெட்காலம்நேம் உள்ளே கெட்காலம்லேபிளைத்தான் அழைக்கிறது. ஆரக்கிளிலும் ஏலியாஸ் கொடுத்தால் இரண்டிலும் ஏலியாஸ்தான்.

போஸ்ட்கிரெஸில் மட்டுமே வேலை பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. அவர் எழுதிய கோடை மைஎஸ்க்யூஎல்-க்கு நகர்த்தும் நாளில்தான் தெரியும். இன்னும் வேடிக்கை, எச்2-வில் டெஸ்ட், போஸ்ட்கிரெஸில் உண்மையான ஓட்டம் என்று வைத்திருப்பவர்கள் நிலை: கெட்காலம்நேம் போட்டால் டெஸ்டில் ஒன்று, நேரில் ஒன்று.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய காரணம் உண்டு. ரிசல்ட்செட்டின் கெட்ஸ்ட்ரிங் முதலிய மெத்தடுகளுக்கு “நெடுவரிசைப் பெயர்” கொடுக்கலாம் என்று பழைய ஸ்பெக் சொன்னது. அது டேபிளின் பெயரா, ஏலியாஸா என்று தெளிவாக்கவில்லை. ஜாவா 6-ஓடு 2006-இல் வந்த ஜேடிபிசி 4.0 அதைத் தீர்த்துவைத்தது: கொடுக்க வேண்டியது லேபிள். அதற்குப் பிறகுதான் அந்த மெத்தடுகளின் பாராமீட்டர் பெயரும் காலம்லேபிள் என்று மாறியது.

மாற்ற முடியாத பழைய கோடு கையில் இருந்தால் ஒரு தற்காலிக வழி உண்டு. மைஎஸ்க்யூஎல் கனெக்ஷன் யுஆர்எல்லில் யூஸ்ஓல்ட்ஏலியாஸ்மெட்டாடேட்டாபிஹேவியர் என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கினால் டிரைவர் 5.0 மாதிரியே நடக்கும். அன்றைக்குக் காலையில் நான் செய்ததும் அதுதான், பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் ஓடியது. ஆனால் அதை அப்படியே விட்டுவைத்தால் அடுத்து வருபவர் யுஆர்எல்லை மாற்றும் நாளில் அதே போன் அவருக்கு வரும். அந்த வாரமே கோடைத் திருத்தினேன்.

மூன்றாம் படி: கணக்குப் போடும் நெடுவரிசைக்கு நீங்களே பெயர் வையுங்கள்

சம், கவுன்ட் போன்றவற்றுக்கு டேபிளில் பெயர் ஏது? ஏலியாஸ் கொடுக்காவிட்டால் டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைக்கும். மைஎஸ்க்யூஎல் நீங்கள் எழுதிய எக்ஸ்பிரஷனையே பெயராக்கும்: “சம்(கட்டணம்)”. போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு “சம்” என்று வைக்கும். எஸ்க்யூஎல் சர்வர் பெயரே வைக்காமல் காலியாக விடும்.

போஸ்ட்கிரெஸில் ஒரே குவெரியில் சம்(வசூல்), சம்(பாக்கி) இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் லேபிள் “சம்”தான். ஃபங்ஷன்கூட இல்லாமல் வசூல் + பாக்கி என்று வெறுமனே கூட்டினால், இரண்டு பக்கமும் கேள்விக்குறி போட்டு நடுவில் காலம் என்று ஒரு விநோதப் பெயர் வரும். பெயர் தெரியாத குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி. எஸ்க்யூலைட் இன்னும் வெளிப்படையானது: ஆஸ் இல்லாத நெடுவரிசையின் பெயர் ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

ஆகவே கணக்கு, ஃபங்ஷன், கேஸ் எதுவானாலும் ஆஸ் போட்டுப் பெயர் வையுங்கள். எங்கள் டீமில் கோடு ரிவ்யூவில் நான் விடாப்பிடியாக நிற்கும் சில விஷயங்களில் இது ஒன்று.

நான்காம் படி: வரிசைகளை மேப்பில் போடுவது

ஒவ்வொரு வரிசையையும் லேபிள்–மதிப்பு ஜோடிகளாக ஒரு மேப்பில் போட்டு, அவற்றை லிஸ்டில் சேர்ப்பதுதான் பலரும் செய்வது. அதில் ஹேஷ்மேப்பை எடுக்காதீர்கள். நெடுவரிசைகளின் முன்பின் ஒழுங்கு கலைந்துவிடும். லிங்க்ட்ஹேஷ்மேப் நாம் போட்ட ஒழுங்கை அப்படியே வைத்திருக்கும். லேபிள்களை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை எடுத்து ஒரு லிஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் மெட்டாடேட்டாவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மதிப்பை எடுக்கும்போது பெயரால் எடுக்காமல் எண்ணால், அதாவது கெட்ஆப்ஜெக்ட்(ஐ) என்றே எடுங்கள்.

எண்ணால் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், ஒரே லேபிள் இரண்டு முறை வரக்கூடும். ஜாயின் போட்டுவிட்டு நட்சத்திரக் குறியால் எல்லாவற்றையும் கேட்டால், இரண்டு டேபிளிலும் உள்ள “எண்” நெடுவரிசை இரண்டு முறை வரும். அப்போது பெயர் சொல்லிக் கேட்டால் ரிசல்ட்செட் முதலில் பொருந்துவதைத்தான் தரும். இரண்டாவதைப் பெயரால் எட்டவே முடியாது. மேப்பிலோ நேர் எதிர், கடைசியாக வந்தது நிற்கும். இரண்டையும் கலந்து எழுதிய கோடில், திரையில் ஒரு எண்ணும் கோப்பில் வேறு எண்ணுமாக வந்து நிற்கும்.

லேபிள்களை எடுக்கும்போதே ஒரு ஹேஷ்செட்டில் ஆட் செய்து பாருங்கள். ஆட் ஃபால்ஸ் என்று சொன்னால் அந்த லேபிள் ஏற்கெனவே வந்துவிட்டது. சிலர் அப்போது பின்னால் 2 என்று ஒட்டிப் பெயரை மாற்றிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இடத்திலேயே எக்ஸெப்ஷனை எறிந்து, “இந்த லேபிள் இரண்டு முறை வருகிறது” என்று குவெரி எழுதியவரிடமே திருப்பி அனுப்புவேன். அன்றைக்கு இந்த ஒரு சோதனை இருந்திருந்தால், டிரைவர் மாற்றிய அன்றே டெஸ்டில் விழுந்திருக்கும். பள்ளியிலிருந்து போன் வந்திருக்காது.

ஐந்தாம் படி: பெரிய எழுத்து, சின்ன எழுத்து

தமிழில் இந்தத் தொல்லை இல்லை, பிழைத்தோம். ஆங்கில ஏலியாஸ்களில் உண்டு. ஸ்டூடன்ட்நேம் என்பதில் நடுவிலுள்ள “என்” என்ற ஆங்கில எழுத்தை மட்டும் பெரியதாக்கி, மேற்கோள்குறி இல்லாமல் ஆஸ் போட்டால், போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும். ஆரக்கிளும் எச்2-வும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும். மைஎஸ்க்யூஎல் எழுதியபடியே விடும்.

ரிசல்ட்செட்டில் பெயர் சொல்லிக் கேட்கும்போது இது தெரியாது. அங்கே பெரிய, சின்ன எழுத்து பேதம் பார்ப்பதில்லை. மேப்புக்குப் போனதும் பேதம் வந்துவிடும். மேப்பிலிருந்து கெட் செய்தால் நல் வரும், அந்த நல் திரையில் காலி இடமாகத் தெரியும், டேட்டாதான் இல்லை போலிருக்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். ஏலியாஸை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எச்2 மூன்றிலும் அப்படியே நிற்கும். இல்லையென்றால் மேப்பில் போடும் முன் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள். அப்போது டுலோயர்கேஸுக்கு லொகேல்.ரூட் கொடுக்க மறக்க வேண்டாம். துருக்கி மொழி அமைப்புள்ள சர்வரில் ஆங்கிலப் பெரிய “ஐ” எழுத்து புள்ளியில்லாத வேறோர் எழுத்தாக மாறிவிடும்.

ஆறாம் படி: தமிழில் ஏலியாஸ் வைத்தால்

ரிப்போர்ட் தலைப்பு தமிழில் வேண்டுமென்றால், ஏலியாஸையே தமிழில் வைப்பதுதான் குறுக்கு வழி. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் தமிழ் எழுத்தை மேற்கோள் இல்லாமலே ஏற்கும். இடைவெளி இருந்தால் மட்டும் மேற்கோள் வேண்டும். போஸ்ட்கிரெஸில் இரட்டை மேற்கோள். மைஎஸ்க்யூஎல்லில் வழக்கமாகப் பின்சாய்ந்த ஒற்றைக் குறி.

ஆனால் நீளத்தைக் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட் வரைதான். யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். உயிர்மெய்யில் மெய் தனிக்குறி, காலோ கொம்போ தனிக்குறி, புள்ளியும் தனிக்குறி. ஆக 21 குறிகளில் கணக்கு முடிந்துவிடும். “பள்ளியில் சேர்ந்த தேதி” என்பதில் 20 குறிகள், இரண்டு இடைவெளி. 62 பைட், தப்பித்தது. அதையே “கல்லூரியில் சேர்ந்த தேதி” என்று மாற்றுங்கள், 68 பைட். சர்வர் பிழை சொல்லாது, ஒரு நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிட்டு வெட்டிவிடும். லேபிளைக் கேட்டால் வருவது “கல்லூரியில் சேர்ந்த தே”. அந்த நோட்டீஸை ஜாவாவில் யாரும் படிப்பதில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் இந்த அவஸ்தை இல்லை. ஏலியாஸுக்கு 256 எழுத்துக்குறி வரை இடமுண்டு, கணக்கும் பைட்டில் இல்லை. ஆரக்கிளில் 12.1 வரை 30 பைட்தான், அதாவது பத்தே பத்து தமிழ்க் குறிகள். 12.2-இலிருந்து 128 பைட். நீளமான தலைப்புகள் வேண்டுமென்றால் ஏலியாஸைச் சின்னதாக வைத்து, முழுத் தலைப்பை ஜாவா பக்கம் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வைப்பதே மேல்.

இன்னொரு குழி, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாதது. “தொகை” என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஈக்வல்ஸ் கேட்டால் ஃபால்ஸ். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்த குவெரி ஒன்றில் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, ஒரு மதியம் முழுக்க “தொகை”யையும் “தொகை”யையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டின் லெங்த்தையும் அச்சிட்டபோதுதான் ஒன்று 4, மற்றது 5 என்று வந்தது. ஜாவா.டெக்ஸ்ட் பேக்கேஜில் உள்ள நார்மலைசரில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவம் கொடுத்து, லேபிளையும் தேடும் சொல்லையும் ஒருமுறை ஓட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை போய்விடும்.

சிஎஸ்வி எழுதுகிறீர்கள் என்றால் யுடிஎஃப்-8-இல் எழுதி, கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட்டையும் சேருங்கள். இல்லாவிட்டால் எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறப்பவருக்குத் தலைப்பெல்லாம் கந்தலாகத் தெரிய வாய்ப்புண்டு.

ஏழாம் படி: உண்மையான பெயர்தான் வேண்டுமென்றால்

ஏலியாஸுக்குப் பின்னால் எந்த டேபிளின் எந்த நெடுவரிசை இருக்கிறது என்று அறிய வேண்டிய வேலைகளும் உண்டு. திருத்தக்கூடிய கிரிட் செய்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை. மைஎஸ்க்யூஎல்லில் கெட்காலம்நேமும் கெட்டேபிள்நேமும் போதும். போஸ்ட்கிரெஸில் மெட்டாவை அன்ராப் செய்து பிஜிரிசல்ட்செட்மெட்டாடேட்டா ஆக்கினால் கெட்பேஸ்காலம்நேம், கெட்பேஸ்டேபிள்நேம் என்று கிடைக்கும். இதற்காக டிரைவர், டேபிள் விவரங்கள் இருக்கும் சிஸ்டம் கேட்டலாகில் தனியாக ஒரு குவெரி ஓட்டும் என்பதால், தேவையில்லாமல் அழைக்காதீர்கள். சம் மாதிரி கணக்கிட்ட நெடுவரிசைக்குக் காலி ஸ்ட்ரிங் வரும். ஆரக்கிள் இந்த விஷயத்தில் கைவிரித்துவிடுகிறது. அதன் டிரைவரில் கெட்டேபிள்நேம் ஆதரவு இல்லை.

குவெரியே இல்லாமல் டேபிளின் நெடுவரிசைகள் மட்டும் வேண்டுமென்றால் கனெக்ஷனிடம் டேட்டாபேஸ்மெட்டாடேட்டாவை வாங்கி கெட்காலம்ஸ் அழையுங்கள். அதற்குக் கொடுக்கும் டேபிள் பெயர் ஒரு பேட்டர்ன் என்பதை மறக்க வேண்டாம். அடிக்கோடு எந்த ஒரு குறிக்கும் பொருந்தும். “கட்டணம்_1” என்று கேட்டால் “கட்டணம்21” டேபிளின் நெடுவரிசைகளும் சேர்ந்தே வரும். கெட்சர்ச்ஸ்ட்ரிங்எஸ்கேப் தரும் குறியை அடிக்கோட்டுக்கு முன் வைத்தால் சரியாகும்.

எட்டாம் படி: ஸ்பிரிங்கும் ஜேபிஏவும்

ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் ஜேடிபிசிடெம்ப்ளேட்டில் குவெரிஃபார்லிஸ்ட் அழைத்தால் மேப்புகளின் லிஸ்ட் வரும். சாவி லேபிள்தான், பெரிய சின்ன எழுத்து பேதமும் பார்க்காது. ஆனால் வரிசை எதுவும் கிடைக்காவிட்டால் வருவது காலி லிஸ்ட், அதில் தலைப்புகளை எங்கே தேடுவது? காலிக் கோப்பிலும் தலைப்பு வேண்டுமென்றால் ரிசல்ட்செட்எக்ஸ்ட்ராக்டர் எழுதி, முதல் படியில் உள்ள லூப்பை அதற்குள் போடுங்கள்.

ஜாவா ஆப்ஜெக்டுகளை டேபிள்களோடு இணைக்கும் ஜேபிஏவில் பல நெடுவரிசை கேட்டால் வருவது ஆப்ஜெக்ட் அரே. அதில் பெயர்கள் இல்லவே இல்லை. குவெரி உருவாக்கும்போது, மதிப்போடு ஏலியாஸையும் வைத்திருக்கும் டப்பிள் கிளாஸைக் கொடுத்தால், ஒவ்வொரு டப்பிளிலும் கெட்எலிமென்ட்ஸ், அதில் கெட்ஏலியாஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏலியாஸ் வைக்காத எலிமென்டில் நல் வரும், ஆகவே இங்கேயும் ஆஸ் போட்டே ஆக வேண்டும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, மேலே உள்ள மாணவர்–ஆசிரியர் குவெரியை ஒரு டெஸ்டாக வைத்துவிடுங்கள்: இரண்டு டேபிள், இரண்டிலும் “பெயர்”, இரண்டு வேறு ஏலியாஸ். லேபிள் லிஸ்ட் மாணவர், ஆசிரியர் என்று அதே வரிசையில் வருகிறதா, மேப்பில் இரண்டு சாவி இருக்கிறதா என்று பாருங்கள். எச்2-வில் மட்டும் ஓட்டாமல், நேரில் எந்த டேட்டாபேஸோ அதிலும், டிரைவர் பதிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள்.